கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையும் ஒரு கண்ணாடி விரிசலும்

தஞ்சை மாவட்டத்தின் மல்லிப்பட்டினத்தையும் சேதுபாவாசத்திரத்தையும் கடந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, கட்டுமாவடியில் புதுக்கோட்டை மாவட்டத்தைத் தொடுகின்றது. மணமேல்குடியைத் தாண்டினால் கோட்டைப்பட்டினம். கிழக்கே பாக் விரிகுடா, குளம்போல அலையடங்கிக் கிடக்கின்றது. கடலை நம்பி வாழும் ஊர் இது. இங்குள்ள இராவுத்தர் அப்பா தர்காவை நாடிச் சமய வேறுபாடின்றி மக்கள் வருகின்றனர். ஊரின் மீன்பிடித் தளமும் அடுத்துள்ள செகதாப்பட்டினத்துத் தளமும் இக்கரையின் இரு கண்கள் எனலாம்.

சென்ற மே மாதத்தில் நண்பர் இருவருடன் வாடகைக் காரொன்றில் இவ்வழியே சென்றேன். மணமேல்குடிக்கு அருகே, முன்னே சென்ற ஜல்லி லாரியிலிருந்து கல்லொன்று தெறித்து எங்கள் காரின் முன்கண்ணாடியைத் தாக்கியது. வண்டியை நிறுத்திப் பார்த்தோம். இடப்புறத்தில், ஒரு ரூபாய் நாணயத்தினும் சிறிய நட்சத்திர வடுவொன்று தெரிந்தது. "இது ஒன்றும் செய்யாது, சாமி" என்று ஓட்டுநர்த் தம்பி வண்டியைக் கிளப்பினார்.

அக்கண்ணாடி ஏன் நொறுங்கி விழவில்லை? முன்கண்ணாடி என்பது தனிக் கண்ணாடியன்று. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் மெல்லிய படலத்தை வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கிய அடுக்கு அது. 1903-ஆம் ஆண்டில் எதுவார் பெனெதிக்துஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலாளரின் கையிலிருந்து கண்ணாடிக் குடுவையொன்று தவறி விழுந்தது. உடைந்த துண்டுகள் சிதறாமல் ஒட்டிக்கொண்டு நின்றன. குடுவையின் உட்புறத்தில் உலர்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலமே அதற்குக் காரணம் எனக் கண்ட அவர், 1909-இல் அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதித் திருத்தம், மூன்றாண்டுகளுக்குப் பின் உருவாகும் வண்டிகளின் முன்கண்ணாடி இவ்வகையினதாகவே இருத்தல் வேண்டும் என்றது. அதற்கு முற்பட்ட வண்டிகள் பலவற்றில் இருந்த கடினக் கண்ணாடியோ, அடிபட்டால் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும். அங்கே பழுது பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுக்குக் கண்ணாடி வந்த பின்னரே, 'ஒட்டுவதா, மாற்றுவதா' என்னும் கேள்வியும் பிறந்தது.

நாங்கள் கோட்டைப்பட்டினத்தை அடைந்தபோது விசைப்படகுகள் கரையில் ஓய்ந்திருந்தன. மீன்வளம் பெருகும் பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. அந்நாள்களே படகுகளுக்கு மருத்துவக் காலம். ஒருபுறம் மரப் படகுகளின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தனர். மறுபுறம் கண்ணாடியிழைப் படகின் கீறலில் இழைப்பாயை ஒட்டிப் பிசின் பூசினர். மூத்த தச்சர் ஒருவர் சிறு சுத்தியலால் பலகையைத் தட்டித் தட்டி ஓசையைக் கேட்டவாறிருந்தார். எதை ஒட்டுவீர்கள், எதை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். "மேல் தோல் போயிருந்தால் ஒட்டலாம், சாமி. உள்ளே மரம் செத்திருந்தால் பலகையைக் கழற்றத்தான் வேணும். ஒட்டின பலகை கரையில் நல்லாத்தான் இருக்கும், கடலில்தான் தெரியும்" என்றார். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது இக்கரையும் அடிபட்டது. படகின் காயத்தை அளந்து பார்க்கும் பழக்கம் இம்மக்களுக்குப் புதிதன்று.

உச்சி வெயிலில் நின்றிருந்த காருக்குத் திரும்பினோம். ஓட்டுநர் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் திருப்பினார். கொதித்திருந்த கண்ணாடியின் உட்புறத்தில் குளிர்காற்று மோதியது. சிறிது நேரத்தில் மெல்லிய ஒலியுடன் நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, ஒரு சாணுக்கு மேல் நீண்டு, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக வந்து நின்றது! வெப்பத்தால் விரிந்த கண்ணாடியைக் குளிர் ஒருபுறம் சுருக்க, அந்த இழுவிசை வடுவின் நுனியில் திரண்டு விரிசலை ஓட்டிவிட்டது. காலையில் ஒட்டினால் போதும் என்றிருந்தது, மாலையில் மாற்றியே தீரவேண்டும் என்றாயிற்று.

ஒட்டுதல் நடைபெறும் விதம் எளியது. வடுவினுள் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுத்துத் தெளிந்த பிசினைச் செலுத்திப் புற ஊதாக் கதிரால் இறுகச் செய்வர். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் பிசினாதலால் வடு பெரும்பாலும் மறையும். சிறு தழும்பு எஞ்சலாம். ஆகவே, நாணய அளவுக்குள் அடங்கிய, வெளித்தகட்டில் மட்டுமுள்ள, அழுக்கேறாத புதுக் காயமே ஒட்டுவதற்கு உரியது. ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருந்தாலோ, கண்ணாடியின் விளிம்பைத் தொட்டாலோ, உள்தகடும் விரிந்திருந்தாலோ மாற்றுவதே முறை. ஏனெனில் முன்கண்ணாடி காற்றைத் தடுப்பதற்கு மட்டும் உள்ளதன்று. வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. பல கார்களில் பயணியின் காற்றுப்பை அதன்மேல் சாய்ந்தே விரிகின்றது.

"இன்னும் ஆறு மாதம் இப்படியே ஓட்டிக்கொள்கிறேன்" என்றார் ஓட்டுநர். அவர் கவலை நியாயமானதே. கார் அவருடைய பிழைப்பு. முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. நாம் ஏற்க வேண்டிய சிறு தொகை போக மீதி கிடைக்கும். ஆனால், இழப்பீடு கோராதவர்க்கு முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை வளரும் கட்டணச் சலுகை, பொதுவாக ஒருமுறை கோரியதும் போய்விடும். அவரோ மூன்றாண்டுச் சலுகையாகிய 35 விழுக்காட்டைச் சேர்த்து வைத்திருந்தார். சிறு வடுவைக் கைப்பணத்தில் ஒட்டிக்கொள்வதே மலிவு என்பது இதனால் விளங்கும்.

புதுக்கோட்டையில் நாங்கள் கண்ட கண்ணாடிக் கடைக்காரர், ஒட்டித் தரும்படி ஓட்டுநர் வேண்டியும் இசையவில்லை. "இரவில் எதிர் விளக்கு இந்தக் கோட்டில் பட்டுச் சிதறும், தம்பி. குறுக்கே வருகிற ஆள் தெரியமாட்டான்" என்றார். ஓட்டுநர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு காகிதமொன்றில் கூட்டிக் கழித்துப் பார்த்து, காப்பீட்டின் வழியே மாற்றிக்கொள்ள இசைந்தார். பசை இறுகும்வரை வண்டியை எடுக்கலாகாது என்ற நிபந்தனையையும் ஏற்றார். அன்றிரவுச் சவாரி ஒன்று அவருக்குப் போயிற்று.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களே! கல் பட்ட அன்றே வடுவின்மேல் தெளிவான ஒட்டுத்தாளை ஒட்டி, தூசியும் ஈரமும் புகாமல் காத்திடுங்கள். வெயிலில் கொதித்த கண்ணாடியில் குளிர்நீரை ஊற்றாதீர்கள். நிழலில் நிறுத்தி, இயன்ற விரைவில் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். புதிய கார்களில் கண்ணாடியின் பின்னே கேமரா இருப்பின், மாற்றியபின் அதனையும் சீர்செய்யச் சொல்லுங்கள். ஒட்டக்கூடியதைத் தூக்கியெறிவது வீண் செலவு. மாற்ற வேண்டியதை ஒட்டி வைப்பது, வண்டியில் ஏறுவோரையும் வழியில் நடப்போரையும் அடகு வைக்கும் சிக்கனம். இவ்விரண்டையும் பிரித்தறியக் கோட்டைப்பட்டினத்துத் தச்சர் 61 நாள்கள் செலவிடுகின்றார். நமக்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளைத் தள்ளிப்போடாதிருந்தால்!