பூண்டுலோயாவில் கேட்ட பியானோ

தலவாக்கலையில் பஸ் ஏறிப் பூண்டுலோயாவை அடைந்த நாம், முதலில் டன்சினன் நீர்வீழ்ச்சியைக் கண்டு களித்தோம். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் வரும் ஸ்கொத்லாந்து மலையின் பெயர் அது. பெயரிட்டவர்கள் துரைமார்; சரிவெங்கும் தேயிலையைத் தளிர்க்கச் செய்தவர்களோ தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்.

அது மாசி மாதம். காமன் கூத்துக்குரிய காலம். மாலையில் ஒரு லயத்து வாசலில் அமர்ந்திருந்தோம். முதியவர் ஒருவர் தீ மூட்டித் தப்பின் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். உயர்தர வகுப்பில் பயிலும் அவருடைய பேரன் ஒதுங்கி நின்றான். தப்புப் பழக அவனுக்கு மனமில்லை. சாவீட்டுக் கருவி, தாழ்ந்தோர் கருவி என்று பாடசாலையில் நகைப்பார்களாம்.

நாம் விவாதிக்கவில்லை. கைத்தொலைபேசியில் இருந்த 'தீர்த்தா' என்னும் இசைத்தொகுப்பை ஒலிக்கவிட்டோம். 2011இல் வெளிவந்த அதில் பியானோ, கிதார், தபேலா ஆகிய மூன்றும் உரையாடுகின்றன. பியானோ வாசிப்பவர் விஜய் ஐயர்.

1971இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில், தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். மூன்று வயதில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் மேலைச் செவ்வியல் வயலின் கற்றார். பியானோவையோ பெரும்பாலும் செவிவழியே தாமாகப் பயின்றார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தவர், பின்னர் இசையையே வாழ்வாகக் கொண்டார். 1998இல் பெர்க்லியில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வில், தாள உணர்வு உடலின் அசைவோடு பிணைந்தது என்பதை ஆபிரிக்க இசையையும் ஆபிரிக்க அமெரிக்கர் இசையையும் கொண்டு விளக்கினார். 2013இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 2014இல் ஹார்வர்டில் பேராசிரியரானார். அவ்வாண்டு வெளிவந்த 'மியூட்டேஷன்ஸ்' தொகுப்பில், நால்வர் வாசிக்கும் நரம்பிசையோடு அவருடைய பியானோவும் மின்னொலியும் கலக்கின்றன. எழுதிவைத்த இசையும் அக்கணத்தில் பிறக்கும் கற்பனையும் அங்கே கைகோக்கின்றன. நம் கச்சேரிகளில் நிரவலும் கல்பனாஸ்வரமும் போலவே, ஜாஸ் இசைக்கும் மனோதர்மமே உயிர்.

கண்களை மூடிக் கேட்டிருந்த முதியவர், "அடிய விடாமத்தான்யா அலையிறாரு; எங்க போனாலும் திரும்பி வந்துர்றாரு," என்றார்.

பேரன் நிமிர்ந்து பார்த்தான். முதியவர் தப்பை எடுத்தார். ரதி புலம்புகையில் அடி எப்படித் தளரும், ஆட்டக்காரரின் கால் பார்த்து அது எப்படி மாறும் என்று அடித்துக் காட்டினார். எந்தத் தாளிலும் எழுதப்படாத கற்பனை அது! விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியதும் இத்தப்புத்தான். பகலில் பிறர் கட்டளையை முழங்கிய தோல், கூத்து நடக்கும் இரவில் தன் மனம்போல் பேசியது.

இளைஞர்களே, அயல்நாட்டுப் பியானோவைப் போற்றுவதில் பிழையில்லை. அதில் நாம் வியக்கும் அதே கலை நம் வாசலில் ஒலிக்கையில் வெட்கி நிற்பதுதான் பிழை. கருவிக்குச் சாதியில்லை; இழிவெல்லாம் மனிதர் அதன்மேல் பூசியவை.

நாம் விடைபெற்றபோது இருள் கவிந்திருந்தது. தோல் சற்றே தளர்ந்துவிட்டது போலும். பேரன் தப்பை வாங்கித் தீயருகே பிடித்துக்கொண்டிருந்தான்.