வெறுமையான வாங்குகள்

“கோயிலுக்கு ஆட்கள் குறைந்து விட்டார்கள்” என்ற பேச்சு எங்கள் வன்னிப் பங்குகளில் அடிக்கடி கேட்கின்றது. பிரசங்கத்திலும் அதே பேச்சுத்தான். வராதவர்களுக்கு விழ வேண்டிய ஏச்சு, வந்திருந்து கேட்கின்ற எங்களுக்கு விழும். ஏச்சுக்குரியவர்களோ அந்த நேரம் வீட்டில் உடுப்புத் தோய்த்துக் கொண்டிருப்பார்கள்!

2010இல் மீள்குடியேறிய காலத்தை நினைத்துப் பாருங்கள் சகோதரிகளே. கூரை இல்லாத கோயிலில், தறப்பாளின் கீழ், மணலில் இருந்து பூசை கண்டோம். நிற்கவும் இடம் இருக்காது. பக்தி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். யார் தப்பி வந்தார்கள், யார் இன்னும் முகாமில் இருக்கின்றார்கள், எங்கே கூரைத் தகடு கொடுக்கின்றார்கள் என்ற செய்திகளெல்லாம் பூசை முடிந்த பின் கோயில் முற்றத்தில்தான் கிடைத்தன. பிறகு கல்வீடு வந்தது, மின்சாரம் வந்தது, கைத்தொலைபேசி வந்தது. கோயிலுக்கும் ஓடு போட்டு, வாங்குகளும் செய்தோம். வாங்கு போட்ட பிறகுதான் வெறுமை கண்ணுக்குத் தெரிந்தது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அதன் பின் ஞாயிறு பூசைகள் நின்றன. 2020இல் கொரோனா ஊரடங்கு. 2022இல் பெற்றோலும் மண்ணெண்ணெயும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு சிலர் திரும்பி வரவில்லை.

ஆலய சபைக் கூட்டத்தில் ஒருவர், “வரவு இடாப்பு வைப்போம்” என்றார். இடாப்பு என்றாலே எங்களுக்கு வயிறு கலங்கும். முகாமுக்குள் போகப் பதிவு, வெளியே வரப் பதிவு, ஊருக்கு வந்த பின்னரும் பதிவு. கோயிலிலுமா? பெண்கள் நாங்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அதற்குப் பதிலாகத் தவக்காலத்தில் இருவர் இருவராக வீடுகளுக்குப் போவதென்று தீர்மானித்தோம். 1921இல் டப்ளின் நகரில் தொடங்கிய மரியாயின் சேனையில் இது பழைய வழக்கம்; எங்கள் அம்மாமாரும் செய்ததுதான். நாங்கள் ஒரு நிபந்தனை மட்டும் வைத்துக் கொண்டோம். “ஏன் கோயிலுக்கு வாறேல்லை?” என்று யாரும் கேட்கக் கூடாது. சுகம் விசாரிக்க வேண்டும், தேத்தண்ணி தந்தால் குடிக்க வேண்டும், அவர்களாகச் சொன்னால் கேட்க வேண்டும்.

முதலில் போன வீடுகளில் ஒன்று ஓர் அக்காவுடையது. கணவன் ஷெல் விழுந்து இறந்தவர். மகனை 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் கையாலேயே ஒப்படைத்தவர் அவர். ஒவ்வொரு ஞாயிறும் வந்து கொண்டிருந்தவர் திடீரென நின்று விட்டார். முதல் இரண்டு தடவையும் அவர் ஆட்டுக்குட்டிகளைப் பற்றித்தான் கதைத்தார். மூன்றாம் தடவைதான் வாய் திறந்தார்.

நவம்பர் மாதம் இறந்தோருக்காக மன்றாடும் மாதம் அல்லவா? வீடுகளிலிருந்து பெயர்களை எழுதிக் கொடுப்போம், சுவாமி வாசிப்பார். உறவினர் யாரோ நல்ல மனதோடுதான் அவருடைய மகனின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கின்றார்.

“நான் உயிரோட ஒப்படைச்ச பிள்ளையைச் செத்தாக்களோட சேர்த்து வாசிச்சுப் போட்டினம். மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டு கந்தோரில சொல்லுறதைக் கோயிலும் சொன்னா, நான் பிறகு எங்க போறது தங்கச்சி?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. சுவாமியிடம் போய்ச் சொன்னோம். அவர் கனநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில், ‘இன்னும் வீடு திரும்பாத எங்கள் பிள்ளைகளுக்காக’ என்று ஒரு மன்றாட்டுச் சேர்ந்தது. நவம்பரில் இப்போது இரண்டு பெட்டிகள் வைக்கின்றோம். எந்தப் பெட்டியில் பெயரைப் போடுவதென்பதைப் பெற்றவள்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த அக்கா உடனே வந்து விடவில்லை. மே 18ஆம் திகதிப் பூசைக்கு வந்து பின் வாங்கில் இருந்தார். இப்போது ஞாயிறுகளிலும் வருகின்றார். எல்லா ஞாயிறும் இல்லை.

இன்னொரு வீட்டில் கடன். கிழமைக்குக் கிழமை கட்டுகின்ற குழுக்கடன். ஒருத்தி கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். “பாட்டுக் குழுவில முன்னுக்கு நிக்கிறவதான் எங்கட கடன் குழுத் தலைவி. நன்மை எடுக்கப் போகேக்க அவவின்ர முகத்தைப் பார்க்க ஏலாது அக்கா” என்றாள் அந்தப் பிள்ளை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. எல்லாருடைய கடனும் அதற்குள் அடங்கவில்லை. நாங்களும் அவளின் கடனைக் கட்ட வசதி உள்ளவர்கள் அல்லர். தலைவியையும் அழைத்துக் கொண்டு போய், ஒரு பாயில் இருந்து கதைத்தோம். அந்தத் தலைவியும் தன் தோட்டை அடகு வைத்து மற்றவர்களின் தவணையைக் கட்டி வந்திருக்கின்றாள் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். தவணையைச் சிறிது சிறிதாகக் கொடுப்பதென்று முடிவாகியது. கோயில் முற்றத்தில் கடன் கதை எடுப்பதில்லை என்று பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் வைத்தோம்.

மற்றவை இலகுவானவை. பொய்க்கால் போட்ட தங்கச்சிக்குக் கோயிலின் மூன்று படிகள்தான் தடை. இளைஞர்கள் இரண்டு பின்னேரங்களில் சீமெந்தால் சாய்வுப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகின்ற பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. சனி மாலைப் பூசை கண்டாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கின்றது. அது பலருக்குத் தெரியாது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் மாலைப் பூசை வைக்கச் சுவாமி ஒத்துக் கொண்டார்.

வேறு சபைக்குப் போய்விட்ட குடும்பங்களும் உண்டு. அவர்களைப் பற்றிக் குறையாகப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. “அங்க என்ர பேரைக் கேட்டு, தலையில கை வைச்சுச் செபிச்சவை” என்று ஒரு தாய் சொன்னார். எங்கள் கோயிலில் அவர் பதினொரு வருடம் இருந்தவர். அந்த வீட்டுக்கும் போகின்றோம், அழைப்பதற்காக அல்ல, அயலவர் என்பதற்காக.

நாங்கள் ஆறு பேரும் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. சைக்கிளும் இரண்டுதான். சில வீட்டார் வருகின்றார்கள், சிலர் வரவில்லை. போன கிழமை ஒருவர் படலையைத் திறக்கவே இல்லை. நாய் மட்டும் வந்து பார்த்தது. வருகிற சனிக்கிழமை குளக்கட்டுக்கு அப்பால் இருக்கின்ற வீட்டுக்குப் போக இருக்கின்றோம். “செபப் புத்தகத்தை மட்டும் கொண்டு வராதேங்கோ, சும்மா வாங்கோ” என்று அந்த அக்கா சொல்லியனுப்பியிருக்கின்றார். ஒரு பனங்கட்டிக் குட்டானும் கொஞ்சம் கச்சானும் வாங்கி வைத்திருக்கின்றேன்.