நடுவில் குழி விழாமல்

சடையங்குப்பத்தில் எங்கே நின்று கேட்டாலும் மணலித் தொழிற்சாலைகளின் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆட்டோ, சேவல், கொசஸ்தலையாற்றுப் பக்கத்துப் பறவைகள் எல்லாம் அதன் மேல்தான் கேட்கின்றன. அது எந்த இடத்தில் முடிகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. வடசென்னையைக் களமாக வைத்து வீடியோ கேம் செய்யும் ஒரு சிறு குழு ஒலிப்பதிவுக்காக இங்கே வந்தபோது நானும் உடன் போனேன்.

2023இல் டொரொண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’, தமிழ்ச் சமையலறையின் தாளிப்புச் சத்தத்தை உலகம் முழுக்கக் கேட்க வைத்தது. அந்தக் கதை பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. இவர்கள் எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு முழு ஊரை. ஆட்டக்காரர் லாரி ஓடும் சாலையிலிருந்து தெருவுக்குள் நுழைந்து ஆற்றோரம்வரை நடந்து போவார். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒன்று இன்னொன்றில் கரைவதுபோல் கிராஸ்ஃபேட் வைக்க வேண்டும்.

குழுவின் சவுண்ட் டிசைனர் ஓர் இளைஞர். மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோம உறை போட்டு, சாலையிலும் தெருவிலும் ஆற்றோரத்திலும் பதிவு செய்தார். பிறகு ஒரு வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து எஃப்மாட் ஸ்டுடியோவைக் காட்டினார். கேமுக்குள் ஒலிகளைக் கோக்க மெல்போர்னில் உருவான மென்பொருள் இது. மான்ட்ரியாலிலிருந்து வரும் வைஸும் இதே மாதிரியான வேலைக்குத்தான் பயன்படுகிறது.

சினிமாவில் ஒரு சத்தம் எத்தனை விநாடியில் இன்னொன்றாக மாற வேண்டும் என்பதை எடிட்டிங் மேஜையிலேயே முடிவு செய்துவிடலாம். கேமில் அதை ஆட்டக்காரரின் கால்தான் முடிவு செய்கிறது. அவர் ஓடலாம், திரும்பி வரலாம், எல்லையிலேயே நின்று அரை மணி நேரம் வேடிக்கை பார்க்கலாம். அதனால் எஃப்மாட்டில் நேரக்கோட்டுக்குப் பதில் ‘தூரம்’ என்று ஒரு பாராமீட்டரை வைத்திருந்தார். அதன் மேல் சாலை ஒலி, தெரு ஒலி என்று இரண்டு பட்டைகள். ஒன்றின் ஓரத்தை இழுத்து மற்றதன் மேல் ஏற்றியதும், இரண்டும் சேரும் இடத்தில் தானாகவே வளைகோடுகள் விழுந்தன.

“அண்ணே, ஓரத்துல எல்லாமே நல்லாத்தான் கேக்கும். நடுவுலதான் வேலையே இருக்கு,” என்று ஹெட்ஃபோனை என்னிடம் கொடுத்தார்.

முதலில் நேர்கோட்டு கிராஸ்ஃபேட். நடுப்புள்ளியில் இரண்டு ஒலிகளும் பாதி அளவில் இருக்கின்றன. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு என்றுதான் தோன்றும். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஒலிகளில் கூடுவது அலையின் உயரமல்ல, ஆற்றல். அதனால் நடுவில் 3 டெசிபெல் குறைந்துவிடுகிறது. ஊர் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் ஒரு குழி. பிறகு சம ஆற்றல் வளைவுக்கு மாற்றினார். நடுவில் ஒவ்வொன்றும் 0.707 அளவில் இருக்கும். குழி தூர்ந்துவிட்டது.

இதையே எல்லாவற்றுக்கும் விதியாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரே பதிவின் இரண்டு பிரதிகளைச் சம ஆற்றல் வளைவில் சேர்த்தால், நடுவில் 3 டெசிபெல் மேடு எழும்பும். கன்டெய்னர் லாரி எஞ்சின் இன்னும் சிக்கல். நிதானமாக ஓடும்போது ஒரு லூப், முறுக்கும்போது இன்னொரு லூப் என்று எடுத்து, ஆர்பிஎம்முக்கு ஏற்ப ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும். சேரும் இடத்தில் இரண்டின் சுருதியும் ஒன்றாக இல்லையென்றால் காதில் விழுவது இரண்டு லாரிகள். சுருதி சற்றே விலகினாலும் ‘வ்வா வ்வா’ என்று விம்மல் கிளம்பும். அந்த ஓர் இடத்தைச் சரிசெய்யவே அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். திரையில் ஓடும் லாரியைப் பார்ப்பவர் யாரும் இந்த உழைப்பை உணரப்போவதில்லை. எனக்கு அதுதான் இந்தத் தொழிலின் பெருமையாகப் படுகிறது.

திண்ணைக்குச் சொந்தக்காரரான ஆயா அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “பகல்ல வந்து என்னாத்த புடிக்கிறீங்க? ராத்திரி வாங்க கண்ணு. கம்பெனி சத்தம் வூட்டு வாசல்ல வந்து நிக்கும்,” என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று இரைச்சலை ஊரைவிட்டு அப்பால் தள்ளுகிறது. இரவில் காற்று மேற்கிலிருந்து வீசி அதை ஊர்ப்பக்கம் கொண்டுவரும். தரையும் குளிர்ந்துவிடும். தரையோரக் காற்றைவிட மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்குகிறது. “சரி ஆயா, ராத்திரியும் வர்றோம்,” என்ற டிசைனர், ‘தூரம்’ பாராமீட்டரோடு ‘பொழுது’ என்று இன்னொன்றையும் உடனே சேர்த்துக்கொண்டார்.

குழுவின் புரோகிராமருக்கு வேறு கவலை. ஆற்றோரம் போனதும் தொழிற்சாலை ஒலி பூஜ்யமாகிவிட வேண்டும் என்றார். கேட்காத ஒலியை கேம் எஞ்சின் ஓட்டத் தேவையில்லை, கேம் ஓடும் போனுக்குச் சுமை குறையும். நியாயமான வாதம்தான். ஆனால் ஆற்றோரம் போனால் தொழிற்சாலை விலகிவிடும் என்பது இந்த ஊரின் அனுபவமல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியதை இங்கே யாரும் மறக்கவில்லை. வளைகோடு பூஜ்யத்தைத் தொட்டால் அந்த இடத்தில் கேம் பொய் சொல்லும் என்றேன். டிசைனரும் அதையே சொன்னார்.

இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்கள்தான் என்பதால் வழி கிடைத்தது. அந்த லூப்பை மோனோவாக்கி, சாம்பிள் ரேட்டைக் குறைத்து, மெமரியில் மிகக் கொஞ்சம் இடம் பிடிக்கும்படி செய்தார்கள். புரோகிராமர் சம்மதித்துவிட்டார். ஆற்றோரத்திலும் அது பூஜ்யத்துக்குச் சற்று மேலேயே நிற்கும். பொழுது சாயச் சாய உயரும்.