புகாரும் மதுரையும்

தமிழில் ‘புகார்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கண்ணகி பிறந்த பட்டினம். மற்றொன்று அவள் மதுரைக்கு வந்து செய்த காரியம். நியாயமான புகார்தான். ஆனாலும் அதன் முடிவில் அரண்மனையோடு ஊரும் சேர்ந்தல்லவா எரிந்தது! அந்த நெருப்பில் ஒரு பொறி இன்னும் எங்கள் ஊர்க்காரர்கள் நாக்கில் மிச்சமிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். மாசி வீதி டீக்கடை எதிலாவது பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வைகையில் தண்ணீர் வராவிட்டால் புகார். வந்துவிட்டால் தரைப்பாலம் முழுகிவிட்டதென்று புகார். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிடுகிறது. காரியமே முடிந்துவிட்டதுபோல் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இதே ஊரில் ஒரு கண் டாக்டர் இருந்தார். குறைபட்டுக்கொள்ள அவருக்கிருந்த காரணங்களில் கால்வாசி எனக்கிருந்தால் நான்கு பாகத்தில் ஒரு சோக நாவலே எழுதியிருப்பேன். 2006-ல் மறைந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைத்தான் சொல்கிறேன். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். பிரசவ வைத்தியராக வேண்டும் என்பது அவர் ஆசை. முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளி, விரல்களையும் கோணலாக்கிவிட்டது. எழுந்து வந்தவர் கண் வைத்தியம் படித்தார். அந்தக் கோணல் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் உடன்பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. கிராமங்களில் முகாம் போட்டு, கண்ணில் புரை விழுந்தவர்களுக்கு இலவச ஆபரேஷன் என்று அறிவித்தார்கள். பரிசோதனைக்கு வந்தவர்களில் பலர் ஆபரேஷனுக்கு வரவில்லை. “இந்த ஜனங்களுக்கு எவ்வளவு செய்தாலும் புத்தி வராது” என்று சலித்துக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? அவர்களோ, ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள்.

என் அப்பத்தாவைக் கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பாள். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில், இரண்டு கண்ணும் மங்கி உட்கார்ந்திருந்தவள்.

“ஓசியாம், ஓசி! பஸ்ஸுக்கு எவன் குடுப்பான்? தொணைக்கு வர்றவளுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. அங்க போயி கஞ்சிக்கு எங்க போறது?”

இதுவும் புகார்தான். ஆனால் டீக்கடைப் புகாருக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, சொல்லத்தான் முடியும். அதோடு, கேட்கக் காதுள்ளவனுக்கு அது ஒரு சுத்தமான செலவுக் கணக்கு. ஆஸ்பத்திரிக்காரர்கள் விசாரித்துக் கண்டதும் இதே கணக்கைத்தான். பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிச் சென்று, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்தார்கள்.

அடுத்த சங்கடம் லென்ஸ். புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் சீமையிலிருந்து வரவேண்டும். விலை ஏழைக்கு எட்டாது. அது இல்லாவிட்டால் சோடாபுட்டிக் கண்ணாடிதான். வெளிநாட்டுக் கம்பெனிகளைத் திட்டுவது சுலபம், செலவும் இல்லை. இவர்கள் 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையை ஆரம்பித்து லென்ஸைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். விலை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது.

என் அப்பத்தாவும் ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறினாள். திரும்பி வந்த மறுவாரம் சுளகில் அரிசியைப் பரப்பி, குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, இம்புட்டுக் கல்லையுமா இத்தனை வருசமா எனக்கு ஆக்கிப் போட்டே?”

அம்மா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.