ஹார்லிக்ஸ் பாட்டில்ல துவரம்பருப்பு

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு மக்களே. இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால சுத்திடறேன். மேட்டர் என்னன்னா, டப்பா. ஆமாங்க, சமையலறை டப்பா.

2000-களில் எங்க வீட்ல டப்பாவைக் காசு கொடுத்து வாங்கினதா எனக்கு ஞாபகமே இல்லை. (எவர்சில்வர் சம்படம் தனிக்கதை, அது சீர்வரிசையில வந்தது.) எதையாவது வாங்கித் தின்னு முடிச்சா டப்பா தானா சேரும். எங்க திருச்சி வீட்டு அலமாரியில ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில்ல துவரம்பருப்பு, போர்ன்விட்டா டப்பாவுல கடலைப்பருப்பு, தங்கச்சிக்கு வாங்கின அமுல்ஸ்ப்ரே டின்ல ரவை. மேல்தட்டுல மஞ்சள் கலர் டால்டா டின், மரம் படம் போட்டது. அதுல வத்தல். டால்டா 1937-ல் வந்த சரக்கு. 2003-ல் இந்துஸ்தான் லீவர் அந்த பிராண்டையே வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க. எங்க வீட்ல அதுக்குப் பல வருஷம் முன்னாடியே வனஸ்பதி வாங்கறதை நிறுத்தியாச்சு. டின் மட்டும் போகலை.

அப்போ மளிகை எல்லாம் அண்ணாச்சி கடையில பொட்டலமாத்தான் வரும். நியூஸ்பேப்பரைச் சுருட்டி, பருப்பைக் கொட்டி, மேல தொங்குற நூல்கண்டுல இருந்து சர்ருனு இழுத்து நாலு சுத்து சுத்தி, விரலாலேயே அறுத்துடுவார். வீட்டுக்கு வந்ததும் நூல் பூக்கட்ட அம்மாவுக்கு, பேப்பர் படிக்க எனக்கு. பாதி செய்திதான் இருக்கும். மீதிப் பாதி வேற யார் வீட்டுக்கோ உளுந்தோட போயிருக்கும் :) பொட்டலத்தைப் பிரிச்சா டப்பா வேணுமே. இப்போ பாக்கெட் மூலையை வெட்டி ஒரு கிளிப்பை மாட்டினா முடிஞ்சது. ஹார்லிக்ஸே கண்ணாடியில இருந்து பிளாஸ்டிக்குக்கும் ரீஃபில் பாக்கெட்டுக்கும் மாறிடுச்சு.

எங்க அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைசிப் பத்து வருஷம் கண்ணும் சரியாத் தெரியலை. ஆனா அந்த அலமாரியில கை வெச்சாப் போதும். கனமா, வழவழன்னு இருந்தா துவரை. நகம் பட்டு டங்குனு சத்தம் வந்தா ரவை. நம்ம பாஷையில சொன்னா, இண்டெக்ஸ் பக்காவா இருந்துச்சு.

2019-ல் ஃப்ளாட்டுக்கு மாறினோம். மாடுலர் கிச்சன். கிரகப்பிரவேசத்துக்குப் பெரியம்மா ஒரே மாதிரி பன்னெண்டு டப்பா கொண்ட செட் ஒண்ணு கொடுத்தாங்க. பார்க்க அம்சமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. உள்ள இருக்கறது வெளியவே தெரியும், கண்ணு தெரியறவங்களுக்கு. பழசெல்லாம் எடைக்குப் போச்சு.

அம்மாச்சி ஒவ்வொரு டப்பாவாத் திறந்து மோந்து பார்ப்பாங்க. பெருங்காயம்னா வாசனை காட்டிக் கொடுத்துடும். துவரைக்கும் கடலைக்கும் என்ன வாசனை இருக்கு? ஒருநாள் அப்பா காபியில உப்பு. அப்பா பேசாமக் குடிச்சுட்டார், அம்மாதான் வாயில வெச்சதும் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் அம்மாச்சி கிச்சன் பக்கம் வர்றதைக் குறைச்சுக்கிட்டாங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. ஹால்ல உட்கார்ந்தபடியே "பருப்பு வெந்துச்சாடி?"ன்னு கேட்பாங்க. அறுபது வருஷம் அடுப்படியிலேயே நின்ன மனுஷி.

ஒரு வாரம் பார்த்துட்டு அம்மா டப்பாவுக்கெல்லாம் ரப்பர் பேண்ட் மாட்டினாங்க. துவரைக்கு ஒண்ணு, கடலைக்கு ரெண்டு, சர்க்கரைக்கு மூணு. உப்பு பழையபடி ஜாடிக்கே போயிடுச்சு. நாலே நாள்ல அம்மாச்சி மறுபடியும் உள்ள வந்து ரசம் வெச்சாங்க. எஞ்சினியரிங் படிச்ச எனக்கு இந்த யோசனை வரலைங்கறது வேற விஷயம்.

2022-ல் அம்மாச்சி தவறிட்டாங்க. இந்தத் தீபாவளிக்குப் போனப்போ பார்த்தா, டப்பாவுல புது ரப்பர் பேண்ட். பழசு காஞ்சு அறுந்துடும் இல்லையா. "இன்னும் ஏம்மா இதெல்லாம்?"னு கேட்டேன்.

"எனக்கும் இப்போ கண்ணாடி போடாம சரியாத் தெரியறதில்லடா"ன்னாங்க.