அத்தை ஏறிய படகு

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டில் ஒவ்வொரு மாதமும் கடைசி வரி ஒன்று உண்டு. அதற்கு 'உல்லாசம்' என்று பெயர். அரிசி, பால், மளிகை, மின்சாரம், காஸ், மருந்து எல்லாவற்றையும் எழுதி முடித்துப் பக்கத்தின் அடியில் மிஞ்சுகிற இடத்தில் அதை நான் பென்சிலால் எழுதி வைப்பேன். மற்றதெல்லாம் பேனா, இது மட்டும் பென்சில். ஏனென்றால், மாதம் பாதி போவதற்குள் அதை அழிக்க வேண்டி வரும் என்பது எனக்கே தெரியும்.

பெட்ரோல், டீசல் விலை ஏறினால் யாருக்குக் கஷ்டம் என்று கேட்டால், லாரிக்காரருக்கு, ஆட்டோக்காரருக்கு, காய்கறி வாங்குகிற நமக்கு என்று வரிசையாகச் சொல்லுவோம். "ஏரியில் உல்லாசமாய்ப் போகும் படகுக்கும் கஷ்டந்தான்" என்று யாராவது சொன்னால் சிரிப்போம். நானும் சிரித்திருப்பேன். என் மாமியார் அப்படி ஓர் ஆசையைச் சொல்லாமல் இருந்திருந்தால்!

அத்தைக்கு வயது 74. பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது போடிநாயக்கனூரில். இளம் வயதில் ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்க மலையேறினார். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்த பிறகு, கீழே கடையில் உட்கார்ந்து காய் பொறுக்கினார். பச்சை மாறாத பெரிய காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று அவர் விரல்கள் பிரிக்கிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும்.

இன்றைக்கும் விடியற்காலையில் எங்கள் ஊரில் கோழி கூவுவதற்கு முன்னால் ஜீப்புகள்தான் கூவும். பெண்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளில் திணறித் திணறி ஏறி, போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும். சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கும். அத்தையும் பல வருஷம் அப்படிப் போய் வந்தவர்தான்.

2019-ஆம் வருஷம் ஒரு நாள், வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடி அவர் சொன்னார்: "ஏத்தா, மலைக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! எல்லாம் கூலிக்குத்தான். அந்தப் பெரியாத்துத் தண்ணி நிக்கிற எடத்துல படகு விடுறாகளாமே. ஒரு தடவை அதுல ஏறிப் பாத்துரணும்."

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் என்றால் சாதாரண விஷயமல்ல. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றைப் பென்னிகுயிக் துரை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டது 1895-ல். அந்தத் தண்ணீரில்தான் அத்தையின் தகப்பனார் நெல் விளைத்தார். அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரிதான் தேக்கடி. போடியிலிருந்து தேவாரம், கம்பம் வழியாகக் குமுளி ஏறினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் அதைப் பார்த்ததில்லை.

"இதென்ன பிரமாதம்! அடுத்த மாசமே போவோம் அத்தை" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த 'அடுத்த மாசம்' வந்து சேர ஐந்து வருஷம் ஆயிற்று.

முதலில் ஊரடங்கு வந்தது. அதற்கு யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. பிறகு 2021-ல் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த வருஷம் அக்டோபரில் டீசலும் நூறைத் தொட்டது. அத்தையின் முழங்காலோடு இரண்டு பஸ் மாறிப் போக முடியாது. வாடகைக் கார்தான் பிடிக்க வேண்டும். கார்க்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும், என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். பென்சில் எழுத்தை ரப்பர் அழித்தது.

முன்பெல்லாம் பெட்ரோல் விலை ஏறினால் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். அரசாங்கம் நிர்ணயித்த விலை அது. 2010 ஜூனில் பெட்ரோலுக்கும், 2014 அக்டோபரில் டீசலுக்கும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். 2017 ஜூனிலிருந்து தினந்தோறும் விலையை மாற்றலாம் என்றும் ஆயிற்று. பத்துக் காசு, இருபது காசாக ஏறினால் யாருக்குத் தெரிகிறது? கார்க்காரர் கூலி கேட்கும்போதுதான் தெரிகிறது. 2022 மே மாதம் மத்திய அரசு வரியைக் குறைத்தபோது லிட்டர் விலை கொஞ்சம் இறங்கியது. ஆனால் நாங்கள் விசாரித்த வாடகை இறங்கவில்லை. "டயர் விலை ஏறிவிட்டதே, அம்மா" என்றார் கார்க்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அகலப் பாதை வேலைக்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலைப் பார்க்காமல் இருந்த எங்கள் ஊருக்கு, 2023 ஜூனில் மறுபடி ரயில் வந்தது. சென்னையிலிருந்தே நேராக வருகிற ரயில்! அடுத்த கோடை விடுமுறையில் என் நாத்தனார் தன் பத்து வயதுப் பையனோடு அதில் வந்து இறங்கினாள். வந்த அன்றே அவளிடம் அத்தை விஷயத்தைச் சொன்னேன்.

"மதினி, அம்மா நடையைப் பார்த்தீங்களா? போன தடவை நான் வந்தப்போ சுவரைப் பிடிக்காம நடந்தாக" என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. விலை இறங்கட்டும், இறங்கட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். விலை இறங்கவில்லை, அத்தையின் முழங்கால்தான் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மறுநாளே கார் பேசினோம்.

குமுளியில் காரை நிறுத்திவிட்டு, வனத்துறை பஸ்ஸில் படகுத்துறைக்குப் போனோம். நாத்தனார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்க, அத்தை படி இறங்கினார். படகில் ஏறியதும் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அத்தைக்கு அது பெரிய வேடிக்கை. "இதென்ன, ஏலக்கா மூட்டையைத் தைக்கிற மாதிரி என்னையத் தைக்கிறாக?" என்றார். படகே சிரித்தது.

ஆனால் அந்தச் சட்டைக்குப் பின்னால் சிரிக்க முடியாத கதை ஒன்று இருக்கிறது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி அதே ஏரியில் இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு படகுகளில் கட்டுப்பாடு அதிகமாயிற்று. இத்தனை பேர்தான் ஏறலாம், ஏறியவர்கள் எழுந்து ஒரு பக்கமாக ஓடக் கூடாது என்று கண்டிப்பு. அது அவசியந்தானே?

இங்கேதான் படகின் கஷ்டம் எனக்கு விளங்கியது. டீசல் விலை ஏறினால் எங்கள் ஊர் ஜீப்பில் இன்னும் இரண்டு பேரை நெருக்கி ஏற்றி ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அதுவே தவறுதான். தண்ணீரிலோ அது உயிருக்கு உலை. இருக்கை எண்ணிக்கை ஏறாது. எண்ணெய்ச் செலவு ஏறும். அப்படியானால் கூடுதல் செலவு டிக்கெட்டில் வந்து விழ வேண்டும், அல்லது படகு நடத்துகிறவர் கையைக் கடிக்க வேண்டும். டிக்கெட் ஏறினால் எங்களைப் போன்றவர்கள் கரையிலேயே நின்றுவிடுவோம். பாதி இருக்கை காலியாகப் போனாலும் எஞ்சின் குடிப்பது ஏறத்தாழ அவ்வளவேதான்.

"கடல் மாதிரி வேகமாப் போகலாமே, ஏன் இப்படி ஊர்ந்து போகுது?" என்று கேட்டான் பையன். அவன் எங்கேயோ நுரை கக்கிப் பறக்கும் வேகப் படகைப் பார்த்திருக்கிறான்.

சகோதரிகளே, கேழ்வரகுக் களி கிண்டியிருக்கிறீர்களா? துடுப்பை மெள்ளச் சுழற்றினால் கை தாங்கும். கொஞ்சம் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். படகுக்குத் தண்ணீர் அப்படித்தான். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. இப்படித் தண்ணீரைக் கிழித்துப் போகிற படகின் வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால், எஞ்சின் ஏறக்குறைய எட்டு மடங்கு உழைக்க வேண்டியிருக்கும். நுரை கக்கிப் பறக்கிற சின்னப் படகின் கணக்கு வேறு; ஆனால் அதன் பசியும் லேசுப்பட்டதல்ல. 40 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டரைக் குடித்துவிடும். அவ்வளவு பெட்ரோலில் ஒரு ஸ்கூட்டர் போடியிலிருந்து சென்னைக்கே போய்ச் சேர்ந்துவிடும்! ஊர்ந்து போவது சோம்பலல்ல, சிக்கனம் என்று பையனுக்குச் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் ஊர்ந்து போனதால்தான் அத்தைக்கு எல்லாம் பார்க்கக் கிடைத்தது. 1895-ல் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டு மரங்கள், பட்டுப்போன கட்டைகளாக இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப் போட்டிருந்தது. கரையில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று புல் மேய்ந்தது. யானை வரவில்லை. யானை வராததற்குப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அத்தையோ காட்டெருமையையும் பார்க்கவில்லை, நீர்க்காகத்தையும் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து, "இந்தத் தண்ணிதானா எங்கய்யா வயலுக்கு வந்துச்சு?" என்றார். பிறகு மிதவைச் சட்டைக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி ஒரு கும்பிடு போட்டார். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானுந்தான்.

வீடு திரும்பிக் கணக்கு எழுதியபோது ஓர் ஆச்சரியம். அன்றைய செலவில் படகு டிக்கெட் சின்னப் பங்கு! வாடகைக் கார்தான் பெரும் பங்கைத் தின்றிருந்தது. எண்ணெய் விலை படகைத் தண்ணீரில் தாக்குவதற்கு முன்பே, மலைப் பாதையில் மடக்கிவிடுகிறது. கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் உண்டாக்கிய ஏரி அது. துடுப்புப் படகும் மிதி படகும் அங்கே பிரசித்தம். அவற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். ஆனாலும் டீசல் ஏறினால், அந்த மலைப் பாதையில் ஏறிப் போகத் தயங்கும் குடும்பங்கள் எத்தனை!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலேயே 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் உட்காரலாம். அது வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் ஏறும் படகு. வேலைக்கு ஓடுகிற படகை வெயில் ஓட்டுமானால், வேடிக்கை பார்க்கப் போகிற படகையும் அது ஓட்டாதா? முதலில் போடுகிற முதல்தான் பெரிது. பிறகு சூரியன் தினந்தோறும் விலை ஏற்றுவதில்லை. தேக்கடியிலேயே மூங்கில் தெப்பத்தில் அழைத்துப் போகிறார்கள். அதற்கு நடக்க வேண்டும், துழாவ வேண்டும். அத்தை போன்றவர்களுக்குச் சத்தமில்லாமல் போகிற ஒரு மின்சாரப் படகு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எண்ணெய் விலை ஏறும்போது எது அவசியம், எது அநாவசியம் என்று கோடு போட வேண்டியிருக்கிறது. ஜீப் நிற்க முடியாது. உல்லாசப் படகு நிற்கலாம். குடும்பக் கணக்கு எழுதுகிற எனக்கு அந்த நியாயம் நன்றாகத் தெரியும். ஆனால் ஆயுள் முழுவதும் கூலிக்காகவே வண்டி ஏறிய ஒரு பெண்ணுக்கு, ஒரே ஒரு தடவை சும்மா ஏறுவதும் அவசியந்தான் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால், அவர் சுவரைப் பிடிக்காமல் நடந்த காலத்திலேயே அழைத்துப் போயிருக்கலாம்.

நான் கணக்கு எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்த நூறு ரூபாய் நோட்டு இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதையும் அதுல எழுதுத்தா. கொடைக்கானல்ல காலால மிதிக்கிற படகு இருக்காமே?"

"உங்க முழங்காலை வைச்சுக்கிட்டா அத்தை?"

"நானா மிதிக்கப் போறேன்? நீ மிதி. நான் உக்காந்து பாக்குறேன்."

அடுத்த மாதப் பக்கத்தைப் புரட்டி, 'உல்லாசம்' என்று எழுதினேன். பேனாவால்தான்.