தோற்றவர் வழி

பழைய சண்டைகளின் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. வென்றவர் மார்க் கோல்மன். தோற்றவர் கசுயுகி ஃபுஜிதா. இடம் டோக்கியோ டோம். தேதி 2000 மே 1. சண்டை நடந்த நேரம் 0:02. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தால் பிழையில்லை. மணி அடித்தது, ஃபுஜிதாவின் பக்கமிருந்து தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டு வந்து விழுந்தது, சண்டை முடிந்தது. இரண்டே விநாடி.

எனக்கு அந்த வரி வேண்டியிருந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு வந்தேன். குத்துச்சண்டை ரசிகர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. சங்கங்கள் யாருக்கு பெல்ட் கட்டுகின்றன என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, சாம்பியனை அடித்தவன் சாம்பியன், அவனை அடித்தவன் அடுத்த சாம்பியன் என்று ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டே போவது. அதே கணக்கைக் கூண்டுச் சண்டையின் ஹெவிவெயிட்டுகளுக்குப் போட்டுப் பார்க்க ஆசை வந்தது. மல்யுத்தம், குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த இந்த ஆட்டத்துக்கு வயது குறைவு. ஒரு நோட்டுக்குள் முழு வம்சாவளியும் அடங்கிவிடும் என்று தோன்றியது.

முதல் பெயரில் தகராறில்லை. 1997 பிப்ரவரி 7 அன்று, அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி. நடத்திய யு.எஃப்.சி. 12 போட்டி. நியூயார்க் மாநிலத்தில் நடக்க வேண்டியது. அங்கே தடை வந்ததால் கடைசி நேரத்தில் அலபாமாவின் டோத்தன் என்ற சிறிய ஊருக்குப் போனது. அங்கே கோல்மன், டான் செவர்னின் கழுத்தை நெருக்கிப் பணியவைத்து முதல் ஹெவிவெயிட் சாம்பியனானார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய மல்யுத்த வீரர் அவர். ஐந்து மாதம் கழித்து மாரிஸ் ஸ்மித் என்ற உதைச்சண்டைக்காரர், கோல்மன் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்து, 21 நிமிட ஆட்டத்தில் ஜெயித்தார். அந்த டிசம்பரில் யோகோஹாமாவில் ஸ்மித்தை ராண்டி கூட்டூர் வென்றார். இதுவரை பெல்ட்டும் நூலும் ஒன்றாகவே போகின்றன.

அடுத்த அடியில் பிரிந்துவிட்டன. ஒப்பந்தத் தகராறில் கூட்டூர் வெளியேறினார். நிறுவனம் பெல்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் அவரை யாரும் அடிக்கவில்லையே? என் நோட்டில் அவர்தான் இன்னும் சாம்பியன். 1998 அக்டோபர் 25 அன்று ஜப்பானில், ஹவாயில் பிறந்த என்சன் இனோவே முதல் ரவுண்டிலேயே கூட்டூரின் கையை மடக்கிப் பிடித்துப் பணியவைத்தார். நூல் இனோவேயிடம் போனது. 2000 ஜனவரியில் அவரை மார்க் கெர் வென்றார். மே 1 அன்று டோக்கியோ டோமில், ஒரே இரவில் எட்டுப் பேர் மோதிய, ஜப்பானின் பிரைட் நிறுவனம் நடத்திய கிராண்ட் பிரீயில், கெர்ரை ஃபுஜிதா வென்றார். அந்தச் சண்டையில் காயம்பட்டார். அரையிறுதிக்கு வந்து நிற்க வேண்டும். எதிரே கோல்மன்.

அந்த இரவை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதே இரவில், அதே அரங்கில், ஜப்பானின் சகுராபாவும் பிரேசிலின் ஹாய்ஸ் கிரேசியும் மோதினார்கள். 15 நிமிட ரவுண்டுகள் ஆறு. மொத்தம் 90 நிமிடம். கடைசியில் கிரேசியின் பக்கமிருந்து துண்டு விழுந்தது. ஒரு துண்டு ஒன்றரை மணி நேரம் கழித்து விழுந்தது, இன்னொன்று இரண்டு விநாடியில் விழுந்தது. இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் என் நோட்டுக்கு அதுதான் பெரிது. ஃபுஜிதா 'என்னால் முடியாது' என்று அறையிலேயே இருந்திருந்தால், கோல்மன் சும்மா இறுதிச் சுற்றுக்குப் போயிருப்பார். நூல் ஃபுஜிதாவிடமே நின்றிருக்கும். அவர் வந்தார். கயிற்றுக்குள் ஏறினார். மணி அடிக்கும் வரை நின்றார். அதனால் அது தோல்வி ஆனது. தோல்வி ஆனதால் நூல் கை மாறியது. கோல்மனிடமிருந்து 1997இல் போனது, மூன்று பேரைச் சுற்றிப் பின் கெர், ஃபுஜிதா என்று வந்து, கோல்மனிடமே திரும்பியது. நடுவே அவர் தொடர்ந்து நான்கு சண்டை தோற்று, எல்லோரும் கைவிட்ட ஆள். அன்றைய இறுதிச் சுற்றில் உக்ரைனின் வோவ்சான்சினை வென்றதும் சந்தோஷத்தில் கயிற்றின் மேல் தாவப் பார்த்துக் கால் சிக்கித் தடுமாறி விழுந்தார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

இந்தக் கணக்கு எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று யோசித்தால், எங்கள் தெருவில் இருந்த ஒரு கோலி ஞாபகத்துக்கு வருகிறது.

உடைந்த சோடா பாட்டிலிலிருந்து கிடைத்த கோலி அது. கடையில் வாங்கும் கோலிகளுக்குள் பூ இருக்கும், வண்ணக் கோடு இருக்கும். இதில் ஒன்றும் கிடையாது, வெறும் பச்சை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே கடுகளவு ஒரே ஒரு காற்றுக்குமிழ் தெரியும். அதற்கு ராஜா குண்டு என்று பெயர். விலைக்கு வாங்க முடியாது, பம்பரத்துக்கோ பட்டத்துக்கோ மாற்றிக்கொள்ள முடியாது. யாரிடம் இருக்கிறதோ அவனை ஆட்டத்தில் ஜெயித்தால்தான் கிடைக்கும். கூப்பிட்டால் அவன் வந்தே ஆக வேண்டும். யார் இந்தச் சட்டத்தைப் போட்டது என்று யாருக்கும் தெரியாது, மீறியவனும் கிடையாது. அரிசி மண்டிக்காரர் மகனிடம் இருந்தது, குருக்கள் வீட்டுப் பையனிடம் போனது, அவனிடமிருந்து என்னிடம் வந்தது. நான்கு நாள் வைத்திருந்தேன். இரவில் தலையணைக்கு அடியில். ஐந்தாம் நாள் என்னைவிட இரண்டு வயது சின்னவன் ஒருவன், மூன்று முழம் தள்ளி நின்று, ஒரே அடியில் என் குண்டைக் குழியை விட்டுத் தெறிக்கவிட்டான். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது அது சூடாக இருந்தது இன்றும் உள்ளங்கையில் இருக்கிறது.

இன்று யோசித்தால், அந்தக் கோலியை வைத்திருந்தவர்களை வரிசையாகச் சொல்ல என்னால் முடிகிறது. அந்த வரிசையில் ஒவ்வொருவனும் இருப்பது அவன் ஜெயித்ததால் மட்டும் அல்ல, தோற்றதாலும்தான். தோற்காதவனுக்குப் பின்னால் வரிசையே இல்லை. குடும்ப வம்சாவளியில் அப்பா மகனுக்கு ஆசையோடு கொடுப்பார். இங்கே கொடுக்க விரும்பாதவன் கொடுக்க வேண்டும். ஆனாலும் கொடுக்கிறவன் அவன்தான்.

கோல்மனிடமிருந்து நூல் எங்கே போனது என்று தொடர்ந்தேன். 2001 செப்டம்பரில் பிரேசிலின் அந்தோனியோ ரோட்ரிகோ நொகேரா. 2003 மார்ச் 16 அன்று யோகோஹாமாவில், ரஷ்யாவின் ஸ்டாரி ஓஸ்கோலிலிருந்து வந்த ஃபியோதர் எமெல்யானென்கோ. அதற்குப் பிறகு ஏழு வருடம் நூல் அசையவில்லை. பிரைட் நிறுவனமே 2007இல் விலைபோனது, ஃபியோதர் யு.எஃப்.சி. கூண்டுக்குள் கால் வைக்கவே இல்லை. இந்தப் பக்கம் பெல்ட் கை மாறிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அமைதியாக இருந்தார். 2010 ஜூன் 26, சான் ஹோசே. ஃபாப்ரிசியோ வெர்டும் கீழே விழுந்தார்; ஃபியோதர் மேலே பாய்ந்தார்; வெர்டுமின் கால்கள் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. 69 விநாடி. ஏழு வருடம் காத்த நூல் 69 விநாடியில் போனது.

வெர்டுமிடமிருந்து 2011இல் அலிஸ்டர் ஓவரீம். ஓவரீம் யு.எஃப்.சி.க்கு வந்தார், பிராக் லெஸ்னரை வென்றார். 2013 பிப்ரவரியில், கையைத் தாழ்த்தி அலட்சியமாக ஆடிக்கொண்டிருந்த ஓவரீமை, யாரும் எதிர்பார்க்காத அந்தோனியோ சில்வா மூன்றாம் ரவுண்டில் சாய்த்தார். அந்த மே 25 அன்று லாஸ் வேகஸில் சில்வாவைக் கெய்ன் வெலாஸ்கெஸ் 81 விநாடியில் முடித்தார். வெலாஸ்கெஸின் இடுப்பில் அப்போது யு.எஃப்.சி. பெல்ட் இருந்தது. எழுதிக்கொண்டே வந்தவன் பேனாவை வைத்துவிட்டேன். நூலும் பெல்ட்டும் மறுபடி ஒரே ஆளிடம்.

நூல் கூட்டூரை விட்டுப் போன 1998 அக்டோபர் 25 முதல் 2013 மே 25 வரை. விரல் விட்டு எண்ணினேன். 14 ஆண்டு, 7 மாதம்.

பதினான்கு என்றதும் நம் மனம் எங்கே போகும்? அயோத்திக்குத்தான். ராமன் காட்டில் இருந்த பதினான்கு ஆண்டும் அரியணையில் பாதுகை இருந்தது. பரதன் அதை அரசன் என்று சொல்லவில்லை, அரசனின் இடத்தைக் காத்தான். பெல்ட்டை நான் அப்படிப் பார்க்கத் தொடங்கினேன். அது பொய்யில்லை. அதற்காக ரத்தம் சிந்தியவர்கள் பொய்யானவர்கள் இல்லை. 2004இல் ஃபிராங்க் மிர் பிடித்த பிடியில் டிம் சில்வியாவின் முன்கை எலும்பு முறிந்தது. நடுவர் ஹெர்ப் டீன் அதைக் கண்ணால் பார்த்துச் சண்டையை நிறுத்தினார். முறியவில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சில்வியா வாதாடிக்கொண்டே நின்றார். பெல்ட்டுக்காக அத்தனை வலியையும் மறைக்கத் தயாராக இருந்த மனிதர். அவருக்கு என் நோட்டில் இடமில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் பெல்ட்டின் கதையில் ஒன்று உறுத்துகிறது. 1997க்கும் 2025க்கும் இடையே ஏழு முறை அது யாரும் தோற்காமலே கை விட்டுப் போயிருக்கிறது. கூட்டூர் வெளியேறினார். பாஸ் ரூட்டன் தானே விட்டார். ஜாஷ் பார்னெட்டும் சில்வியாவும் ஊக்கமருந்துப் பரிசோதனையில் இழந்தார்கள். மிர் மோட்டார்சைக்கிள் விபத்தில் தொடை எலும்பு முறிந்து படுத்தார். ஃபிரான்சிஸ் எங்கானு ஒப்பந்தம் முடிந்து போனார். ஜான் ஜோன்ஸ் ஓய்வு அறிவித்தார். பெரும்பாலும் காலி இடத்துக்கு வேறு இருவரை மோதவிட வேண்டியிருந்தது. சில சமயம் 'இடைக்கால சாம்பியன்' என்று ஒருவரை உட்கார வைத்தார்கள். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. டாம் ஆஸ்பினால் 2023 நவம்பரில் போட்ட துண்டு 2025 ஜூன் வரை அந்த இருக்கையில் கிடந்தது. உண்மையான சாம்பியன் ஜோன்ஸோடு ஒரு சண்டை கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். கடைசியில் சண்டை வரவில்லை, பட்டம் வந்தது. அதை வாங்கும்போது அவர் மனம் நிறைந்திருக்குமா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நூலின் மிச்சக் கதை சுருக்கம். 2015இல் கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் மெக்சிகோ நகரத்தில் வெலாஸ்கெஸ் மூச்சுத் திணற, வெர்டும் வாங்கினார். 2016இல் ஒஹையோவின் தீயணைப்பு வீரர் ஸ்டிபே மியோசிச். அவரிடமிருந்து டேனியல் கோர்மியே, திரும்பவும் மியோசிச். 2021 மார்ச் 27 அன்று எங்கானு. கேமரூனில் சின்ன வயதில் மணல் குவாரியில் மண்வெட்டி பிடித்தவர். 2023 ஜனவரியில் அவர் யு.எஃப்.சி.யை விட்டுப் போனபோது பெல்ட் அங்கேயே நின்றுவிட்டது, நூல் அவரோடு போனது. 2024 அக்டோபரில் ரியாத்தில் ஒரு கூண்டுச் சண்டையை முதல் ரவுண்டிலேயே ஜெயித்தார். என் நோட்டில் கடைசிப் பெயர் அவருடையது. அதற்குக் கீழே கோடு போட்ட வெற்று வரிகள்.

அவர் தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. தோற்கும் வரை ஆட வேண்டும் என்று ஆசை. அது வேறு.

ராஜா குண்டு கடைசியாகத் தபால் ஆபீஸ்காரர் மகனிடம் இருந்தது. நல்ல ஆட்டக்காரன். பரீட்சைக்கு முன்னால் அவன் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் லாரி நின்றது. பீரோ ஏறியது, கட்டில் ஏறியது, துளசிச் செடியைத் தொட்டியோடு ஏற்றினார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். கோலியைக் கேட்க ஒருவனுக்கும் வாய் வரவில்லை. டிரைவர் பக்கத்தில் அவன் உட்கார்ந்தான், ஒரு கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. லாரி திரும்பிப் போயிற்று. அடுத்த வாரம் நாங்கள் ஒரு வெள்ளைக் கோலியைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் ஆடி, ஒருவன் ஜெயித்தும் ஆயிற்று. அவன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பான் என்று தோன்றவில்லை. பரீட்சை வந்தது, அதோடு ஆட்டமும் நின்றது.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும், நானும் நான்கு நாள் வைத்திருந்தவன். ஆனால் சாமான் ஏற்றி முடிய அன்று அரைமணி நேரமாவது ஆகியிருக்கும். குழி அவன் வாசலிலேயே இருந்தது. இறங்கி வந்து ஒரு ஆட்டம் ஆடியிருக்கலாம். டோக்கியோவில் காயத்தோடு நின்ற ஃபுஜிதாவுக்கு இரண்டு விநாடி போதுமாக இருந்தது.